‘மீட்பு’ என்று போடும் முன் பட்டாவையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கோவைப் பதிப்பில் சில மாதங்களுக்கு முன் ‘பல கோடி மதிப்புள்ள பூங்கா இடம் மீட்பு’ என்று ஒரு செய்தி வந்தது. நாலு பத்தி, ஒரு படம். படத்தில் ஜே.சி.பி. ஒன்று கம்பி வேலியைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் பெண்கள் கூட்டமாக நிற்போம். முழுசாக முகம் தெரிகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் செய்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அதில் பொய் எதுவும் இல்லை. வேலியை எடுத்தார்கள். ‘பொது ஒதுக்கீட்டு இடம், அத்துமீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பலகையும் நட்டார்கள். ஆனால் இடம் இன்னும் மீளவில்லை. பட்டா இன்றைக்கும் தனியார் பெயரில்தான் இருக்கிறது. போன வாரம் அதே இடத்தில் ஒரு லாரி ஹாலோ பிளாக் இறங்கியது. டிரைவரிடம் கேட்டேன். “எனக்கென்னங்க தெரியும்? லோடு எறக்கச் சொன்னாங்க, எறக்கறேன்” என்றார். பாவம், அவரைச் சொல்லி என்ன செய்ய. பலகைக்குப் பக்கத்திலேயே நேர்த்தியாக அடுக்கிவிட்டுப் போனார்.

அந்தப் ‘பல கோடி’ எங்கிருந்து வந்தது என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் யாரும் உங்கள் நிருபரிடம் விலை சொல்லவில்லை. ரிசர்வ் சைட், அதாவது பொதுவுக்கு ஒதுக்கிய இடம் பற்றிய செய்தி எது வந்தாலும் தலைப்பில் கோடிக் கணக்கு இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. செய்தி வந்த அன்று என் வீட்டுக்காரர், அப்படியானால் நம்ம மூணு சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று பேப்பர் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். அந்தக் கோடியால் நாங்கள் கண்ட பலன் அவ்வளவுதான்.

எங்கள் நகரின் பெயரை எழுதப்போவதில்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். உங்கள் பழைய இதழைப் புரட்டினால் உங்களுக்கே தெரிந்துவிடும். 2011இல் மூன்று நகராட்சி, ஏழு பேரூராட்சி, ஒரு ஊராட்சி எல்லாவற்றையும் சேர்த்து மாநகராட்சியை 100 வார்டு ஆக்கினார்களே, அப்போது உள்ளே வந்த பகுதி. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கோவையில் சைட் வாங்கிய யாருக்கும் ரிசர்வ் சைட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். லேஅவுட் போடுகிறவர், ரோடு போக மிச்சமிருக்கும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று பொது உபயோகத்துக்கு ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2019ஆம் வருஷத்துக் கட்டட விதிகளும் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டுக்கு இதைத்தான் சொல்கின்றன. எங்களுடையது அதற்கு வெகு முந்தியது, 1990களில் போட்டது. அதற்கு முன்னால் சோளக்காடு. மொத்தம் நாலு ஏக்கர், ரோட்டுக்கு ஒரு ஏக்கர் போனால் மூணு ஏக்கர், அதில் பத்தில் ஒன்று 30 சென்ட். டி.டி.சி.பி. (நகர ஊரமைப்பு இயக்ககம்) வரைபடத்தில் பச்சை அடித்து ‘பார்க்’ என்று எழுதியிருக்கும். என் வீட்டுக்காரர் மில்லில் வி.ஆர்.எஸ். வாங்கிய பணத்தில் இங்கே சைட் பார்க்க வந்தபோது, புரோக்கர் அந்த இடத்தைக் காட்டித்தான் பேசினார். பார்க் பக்கத்து சைட்டுங்க, காத்து நல்லா வருமுங்க என்றார். காற்று இன்று வரைக்கும் நன்றாகத்தான் வருகிறது.

லேஅவுட் போடுகிறவர்கள் நல்ல மூலை இடத்தையா தானம் கொடுப்பார்கள்? நாலு ஏக்கரில் எது பள்ளமோ அதுதான் பார்க். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால் எங்கள் மூன்று வீதித் தண்ணியும் அங்கேதான் போய் நின்று, மெல்ல ஊறி இறங்கும். அதை மண் கொட்டி மேடாக்கி வீடு கட்டினால் அந்தத் தண்ணி எங்கே போகும்? கடைசி வீதிக்காரர்கள் பொடக்காளிக்குத்தான், அதாவது புழக்கடைக்குத்தான் வரும். பூங்கா, ஊஞ்சல் என்று பேசும்போது கொட்டாவி விடுகிற ஆட்கள்கூட இதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கையெழுத்தில் பாதி இந்த மழைத் தண்ணியை வைத்து வாங்கியதுதான்.

ஆக்கிரமிப்பு எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் செய்தியில் ‘சிலர் ஆக்கிரமித்திருந்தனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முதலில் யாரோ வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியைக் கொட்டினார்கள். அப்புறம் இரண்டு மாடு வந்தது. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போர். போர் நனையக்கூடாது என்று நாலு தகரம். இத்தனையும் வருஷக்கணக்கில், யாருக்கும் உறுத்தாமல் நடந்தது. தகரத்துக்குள் பல்பு எரிந்த அன்றைக்குத்தான் கரண்ட் கனெக்ஷன் எப்படி வந்தது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டோம். வேலி வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

எங்கள் ஆட்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கிழக்கு ஓரத்தில் ஒருவர் முருங்கையும் வாழையும் வைத்து “காய் எல்லாத்துக்கும்தானுங்க” என்பார். எங்கள் வீட்டுக்கு ஒரு காயும் வந்ததில்லை. இரண்டு கார் இன்றும் ராத்திரியில் அங்கேதான் நிற்கிறது. ஒரு பிள்ளையாரையும் கொண்டுவந்து உட்கார வைக்கப் பார்த்தார்கள். எங்கள் வீதியில் நில அளவைத் துறையில் இருந்து ரிட்டயர்டு ஆன அய்யா ஒருவர் இருக்கிறார். “சாமிக்கு இடம் வேணும்னா நம்ம வாசல்ல குடுப்போமுங்க, ஊர் இடத்துல எதுக்கு?” என்று அவர் கேட்டதும் பேச்சு அடங்கியது. அவர் இல்லாவிட்டால் இந்த விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. எந்தக் காகிதம் எந்த ஆபீசில் இருக்கும், எந்தக் கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, லேஅவுட் வரைபடம் கேட்டோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அந்த இடத்துக்கு என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கம் ஆன்லைனிலேயே எடுக்க முடிந்தது. அதில்தான் விஷயம் தெளிவானது. அன்றைக்கு நிலத்தை விற்ற தோட்டத்துக்காரர் நல்ல மனுஷன். கொடுக்க வேண்டிய 30 சென்ட்டைச் சொன்னபடி தானப் பத்திரம் பதிந்து அன்றைய உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பத்திரத்தை வைத்துப் பட்டாவை யாரும் மாற்றவில்லை. பத்திரம் பதிவது ஒரு ஆபீசில், பட்டா மாறுவது இன்னொரு ஆபீசில். நடுவில் ஒரு கடிதம் போக வேண்டும், அது போகவில்லை. அப்புறம் உள்ளாட்சியே மாறிப்போனது, பழைய ஃபைல்கள் மூட்டை கட்டி எங்கோ போயின.

தோட்டத்துக்காரர் காலமானார். வாரிசுகள் பார்த்தார்கள், பட்டாவில் அப்பா பெயர் இருக்கிறது. வாரிசுச் சான்று வைத்துத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். அதை வைத்து ஒருவருக்குப் பவர் (தங்களுக்குப் பதிலாக அந்த இடத்தைக் கையாளும் அதிகாரம்) எழுதிக் கொடுத்தார்கள். வேலி போட்டது அந்தப் பவர்காரர். அவரிடம் போய்க் கேட்டால் அவர் ஒன்றும் திருடன் மாதிரி பேச மாட்டார். “பட்டா எம்பட பக்கம் இருக்குதுங்க அக்கா, நீங்க எதை வெச்சுக் கேக்கறீங்க?” என்பார். மரியாதையாகத்தான் பேசுவார். அதுதான் பெரிய வெசனம்.

சட்டம் எங்கள் பக்கம் இல்லாமல் இல்லை. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டு, 1991இல் சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயித்தார்கள். பூங்காவைப் பூங்காவாகத்தான் வைக்க வேண்டும், ஆஸ்பத்திரியே ஆனாலும் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்குப் போட அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் அதில் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வக்கீல் இதைச் சொன்னபோது, வந்திருந்த பெண்களில் ஒருத்தி, “அப்ப நம்மளே போடலாமுங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். போடலாம். போடுவதற்குக் காசு வேண்டும், விடாமல் வருவதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆட்களை உங்கள் செய்திதான் எங்களிடமிருந்து கலைத்துவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பத்திரிகை செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். காலையில் மாவு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினோம். எங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். அன்றைக்கு அங்கே எத்தனை கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் உங்கள் நிருபர் தம்பி எங்களைத் தனியே கூப்பிட்டு, வெயிலில் நின்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். மறுநாள் ‘பூங்கா இடத்தை மீட்கக் கோரி பெண்கள் மனு’ என்று வந்தது. அந்தச் செய்தி வந்த பிறகுதான் ஆட்கள் வந்து அளந்தார்கள், ஜே.சி.பி. வந்தது, வேலி போனது. பேப்பரில் வராமல் இது நடந்திருக்காது என்று எங்கள் வீதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால்தான் இரண்டாவது செய்தி இவ்வளவு வேலை செய்தது. ‘மீட்பு’ என்று வந்த அன்றே எங்கள் நகர் வாட்ஸ்ஆப் குழுவில் அந்த நறுக்கைப் போட்டு, கைதட்டல் பொம்மைகளாக வந்து விழுந்தன. இரண்டு நாளில் முக்கில் நன்றி ஃபிளெக்ஸ். யாருக்கு நன்றி என்று எழுதியிருந்தது என்பதைச் சொன்னால் அரசியல் ஆகிவிடும், விட்டுவிடுகிறேன். எங்கள் பெயர் அதில் இல்லை. அது பரவாயில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அய்யா வீட்டுத் திண்ணையில் கூட்டம் என்று சொன்னபோது வந்தவர்களை ஒரு பாயில் உட்கார வைத்துவிடலாம். எதிர்வீட்டு ஆத்தா என்னிடமே கேட்டார், “ஏங்கண்ணு, அதான் பேப்பர்லயே போட்டுட்டாங்கல்ல, இன்னும் என்னத்துக்கு அலையற?” பட்டா, பவர், தானப் பத்திரம் என்று நான் விளக்க ஆரம்பித்தால் அவருக்குத் தூக்கம் வருகிறது. குற்றம் சொல்ல முடியாது. பேப்பரில் மூன்று சொல்லில் முடிந்த விஷயம், நான் சொன்னால் முக்கால் மணி நேரம் ஆகிறது.

காசும் அப்படியே நின்றது. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும் என்பதால், சுற்றுச்சுவருக்கும் நடைபாதைக்கும் எங்கள் பங்கைச் சேர்க்க ஆரம்பித்திருந்தோம். வக்கீல் செலவுக்குத் தனியே ஒரு நோட்டு. ‘மீட்பு’க்குப் பிறகு இரண்டு நோட்டிலும் புதுசாக ஒரு பெயர் ஏறவில்லை. சிலர் போட்டதைத் திருப்பிக் கேட்டார்கள். வேலைதான் முடிந்துவிட்டதே என்றார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. பட்டாவைப் பொதுப் பெயருக்கு மாற்ற எழுதிக் கேட்கலாம் என்று நானும் அய்யாவும் ஒரு ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் தன்மையாகத்தான் உட்கார வைத்துப் பேசினார். ஃபைலை எடுத்து வரச் சொன்னார். புரட்டினார். “இது முடிஞ்சு போச்சேம்மா, பேப்பர்லயே வந்துருக்குதே” என்று எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். உங்கள் செய்தி நறுக்கு, படத்தோடு, ஃபைலில் ஒட்டியிருக்கிறது. படத்தில் நான் நிற்கிறேன். நடவடிக்கை எடுத்தாயிற்று என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மனுவில் நாங்கள் கேட்டது இரண்டு: வேலியை எடுங்கள், பட்டாவை மாற்றுங்கள். முதலாவது படம் பிடிக்கிற மாதிரி இருந்தது, அது செய்தியானது. இரண்டாவதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

அன்று வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அய்யா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “பேப்பர்காரங்களுக்கு எழுதுங்க அம்மணி, அவங்க எழுதினதை அவங்கதானுங்க திருத்தோணும்” என்றார். அதுதான் இந்தக் கடிதம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ரிசர்வ் சைட் மீட்பு என்று எழுதும் முன் உங்கள் நிருபர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: பட்டா இப்போது யார் பெயரில் இருக்கிறது? சர்வே எண் தெரிந்தால் போனிலேயே பார்க்கலாம். ஜே.சி.பி. வேலை முடிப்பதற்குள் பார்த்துவிடலாம். தனியார் பெயரில் இருந்தால் ‘வேலி அகற்றம்’ என்று போடுங்கள், கடைசியில் ‘பட்டா இன்னும் மாற்றப்படவில்லை’ என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி ஃபைலில் ஒட்டியிருந்தால் எங்களுக்கு எத்தனை உதவியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த சர்வே எண்ணுக்குப் பத்திரம் பதியாமல் நிறுத்தி வைக்கச் சொல்லி சார்பதிவாளருக்கு எழுதியிருக்கிறார்களா என்றும் கேட்டால் இன்னும் விசேஷம்.

இன்னொன்று, போட்ட செய்தியை விட்டுவிடாமல் திரும்ப வந்து பாருங்கள். உங்களுக்கு அது தெரியாத வேலை இல்லை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எப்படித் தொடர்ந்து எழுதினீர்கள்! பவானியில் உபரியாகப் போகும் தண்ணீரில் 1.5 டி.எம்.சி.யைக் கொண்டுவந்து 1,045 குளம் குட்டைகளில் விடுகிற திட்டம். அரை நூற்றாண்டுக்கு மேலான கோரிக்கை. 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள், 2019இல் அடிக்கல் நாட்டினார்கள், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அடிக்கல் நாட்டிய அன்று ‘திட்டம் நிறைவேறியது’ என்று எந்தப் பத்திரிகையும் போடவில்லை. குழாய் எங்கே வரை வந்தது, பம்ப் ஹவுஸ் எப்போது முடியும், எந்தக் குட்டைக்குத் தண்ணி வரவில்லை என்று விடாமல் கேட்டீர்கள். காந்திபுரம் செம்மொழிப் பூங்காவும் அப்படித்தான். 2010 மாநாட்டில் அறிவித்தது, 2025 நவம்பரில்தான் திறந்தது. நடுவில் அதை மறக்க விடவில்லை நீங்கள்.

சரி, அதெல்லாம் பெரிசு. அது 45 ஏக்கர், எங்களுடையது 30 சென்ட். ஆனால் முட்டிவலிக்கார ஆத்தா காலையில் நடக்க இரண்டு பஸ் மாறி காந்திபுரம் போக மாட்டார். அவருக்கு இந்த 30 சென்ட்தான் பூங்கா. நாலு புங்கமரம், இரண்டு பெஞ்சு, குழந்தைகளுக்கு ஒரு ஊஞ்சல், ஒரு குழாய். அதில் உப்புத் தண்ணி வந்தாலும் போதும், நல்ல தண்ணிக்கே இங்கே முறை வைத்துத்தான் வருகிறது.

என் மகள் சென்னையில் மயிலாப்பூர் பக்கம் குடியிருக்கிறாள். அங்கே ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ என்று ஒரு வாரப் பத்திரிகை, 1994இலிருந்து வருகிறதாம். இங்கிலீஷ்தான், காசு கிடையாது, வீட்டுக்கே வந்துவிடுகிறது. அடையாறு, அண்ணா நகர்ப் பக்கமும் அதுபோல உண்டு என்கிறாள். அவள் படித்துச் சொல்லக் கேட்டேன். உலகச் செய்தி என்று ஒன்றும் இல்லை. கோயில், மாட வீதி, நடைபாதை, பூங்கா, குப்பை, அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போவதே இல்லை. அந்த மாதிரி ஒன்று தொடங்குங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை, அதற்கு விளம்பரம் பிடிக்கிற கஷ்டம் உங்களுக்குத்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம் ஒதுக்குங்கள். போன வருஷம் இதே வாரம் நீங்கள் போட்ட மனுச் செய்திகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: முடிந்ததா, முடியவில்லையா, யார் மேஜையில் நிற்கிறது. மனு கொடுத்தவர்களின் போன் நம்பர் உங்கள் நிருபரிடம் இருக்கும். நாங்களே சொல்லிவிடுவோம், ஆள் அனுப்பக்கூட வேண்டாம்.

ஏரியா சபையையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் அமலுக்கு வந்தபோதே, மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு அமைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் அதற்கும் ஏரியா சபைக்குமான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று முதல் தடவையாகப் பல ஊர்களில் கூட்டம் போட்டார்கள். கிராமத்துக்குக் கிராமசபை இருப்பதுபோல நகரத்துக்கு ஏரியா சபை. அங்கே கேட்கிற கேள்வி பதிவாகும். எங்களுக்கு ரொம்ப வேண்டியது அதுதான், பட்டா என்ன ஆச்சு என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டு, பதிலை எழுத வைப்பது. ஆனால் எங்கள் பகுதியில் கடைசியாகக் கூட்டம் நடந்ததே மறுநாள் உங்கள் பேப்பரில் படம் பார்த்துத்தான் தெரிந்தது. மேடையில் அஞ்சு பேர், எதிரே நாற்காலி நிறைய காலி.

தினமும் ‘நாளை மின்தடை’ என்று ஏரியா ஏரியாவாகப் பட்டியல் போடுகிறீர்கள். பேப்பர் வந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான், கரண்ட் இல்லாவிட்டால் கிரைண்டர் ஓடாதே. என்னைப் போல அதை மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடிக்கிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டியலுக்குக் கீழே, நாளை எந்த வார்டில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஏரியா சபை என்று போட்டால் போதும். நாற்காலிகளை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்.

எங்கள் இடத்தைப் பற்றி மறுபடி ஒரு செய்தி போட உங்களுக்கு எண்ணம் இருந்தால், லேஅவுட் வரைபடம், தானப் பத்திர நகல், வில்லங்கம், இப்போதைய பட்டா நான்கும் என்னிடம் ஒரு செட், அய்யாவிடம் ஒரு செட் இருக்கிறது. பிளாக்கு இன்னும் அடுக்கியபடியே இருக்கிறது, கடைக்கால் தோண்டவில்லை, அதற்குள் வந்தால் நல்லது. நிருபரை மத்தியானம் இரண்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கிரைண்டர் போட்டுவிடுவேன், பேசினால் ஒன்றும் கேட்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்.

(பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம்.)